கடல் அட்டை கேஸ்: மூட்டை தூக்குறவன உள்ள போடுறதா, முதலாளியத் தேடுறதா?

ராமநாதபுரம் மாவட்டத்துல மண்டபம், வேதாளை பக்கம் கடல் அட்டை, அதான் வெள்ளரிக்கா மாதிரி இருக்குற கடல் உசுரு, கடத்தும்போது புடிபட்டுச்சுன்னு நியூஸ் வந்தாலே டீக்கடைல ரெண்டு கட்சி ஆயிரும்.

ஒரு கட்சி, கையும் மூட்டையுமா சிக்குனவன விடவே கூடாதுங்குது. அதுலயும் நியாயம் இருக்குங்க, 2001-ல வன உயிரின பாதுகாப்புச் சட்டத்துல புலி இருக்குற அதே முதல் அட்டவணைல அட்டையவும் சேத்து தடை போட்டாங்க, அது கடலடி மண்ணத் தின்னு சுத்தம் பண்ணி விடுற உசுரு, அத வழிச்சு எடுத்துட்டா மன்னார் வளைகுடால நாளைக்கு நமக்குத்தான் மீனு இல்ல.

இன்னொரு கட்சி, பணம் போட்டு கடத்தச் சொல்ற ஏஜெண்டு பின்னாடி போங்கங்குது. நான் இந்தப் பக்கம்தான். அட்டைய குடலெடுத்து, அவிச்சு, காயப்போட்டு, சாக்குல கட்டி ராத்திரியோட ராத்திரியா படகுல இலங்கைக்கு ஏத்துறாங்க, அங்க லைசென்ஸ் இருந்தா புடிக்கலாம்ங்குறதால சரக்கு அந்தக் கணக்குல கலந்து சீனா, சிங்கப்பூர்னு போயிருது. இதுல பணம் போட்டவன் கரைக்கே வரமாட்டான், சிக்குறது கூலிக்கு மூட்டை தூக்குன பய. அவன் உள்ள போனா வீட்டுல ஜாமீனுக்கு வட்டிக்கு வாங்குறாங்க, அந்தக் கடன அடைக்க வெளிய வந்து திரும்பவும் அதே ஆளுகிட்டதான் போய் நிக்கிறான். தண்டனை குடுத்து என்னத்த மாறுச்சு?

அவன சும்மா விடச் சொல்லல. அவன் போன்ல யார் நம்பர் இருக்கு, காசு யார் அக்கவுண்ட்லேர்ந்து வந்துச்சுன்னு தோண்டுங்க, அந்த ஆளோட படகு, வண்டி, சொத்துன்னு கைய வைங்க.