மோலில் நத்தார் தாத்தாவோடு படம் எடுக்கப் போகிறவர்கள் வாசிக்கவும்

ரொறன்ரோப் பக்கம் பிள்ளைகளை மோலுக்குக் கூட்டிக்கொண்டு போய் நத்தார் தாத்தாவோடு படம் எடுக்க நினைத்திருந்தால், நேரம் பதிவு செய்வதற்கு முன் இதை வாசித்துவிடுங்கள். "சந்திப்பு இலவசம்" என்று விளம்பரம் செய்த இடத்தில் எங்களிடம் வாங்கியது வரியோடு 89 டொலர் 24 சதம். மோலின் பெயரைப் போடவில்லை. படம் எடுக்கிற வேலையை மோல் நேரே செய்வதில்லை, ஒப்பந்தத்துக்கு எடுத்த நிறுவனம்தான் செய்கிறது. ஆகவே இதே முறை பக்கத்து மோலிலும் இருக்கலாம்.

மோலின் இணையத்தளத்தில் பெரிய எழுத்தில் இலவசம் என்று போட்டு, அதற்குக் கீழேயே பதிவு செய்யும் பொத்தானை வைத்திருந்தார்கள். அழுத்தினால் முதலில் வருவது நேரம் அல்ல, பக்கேஜ். ஆகக் குறைந்தது 44.99 டொலர். படம் வேண்டாம், சந்தித்தால் போதும் என்று தெரிவு செய்ய இடமே இல்லை. கடனட்டை இலக்கம் எல்லாம் கொடுத்துக் கடைசிப் பக்கத்துக்குப் போன பிறகு "பதிவுக் கட்டணம்" என்று 3.99 ஏறியது. அதற்கு மேல் 13 வீதம் விற்பனை வரி.

அப்படியென்றால் இலவசம் எங்கே? நேரில் போனபோதுதான் தெரிந்தது. பதிவு செய்யாதவர்களுக்கு ஒரு ஓரமாகத் தனி வரிசை. பதிவு செய்தவர்கள் முடிந்து இடைவெளி கிடைத்தால்தான் அங்கிருந்து ஆள் எடுப்பார்கள். சனிக்கிழமை பின்னேரம் இடைவெளி எங்கே வரப்போகிறது? தள்ளுவண்டியில் ஒரு குழந்தையும் கையில் ஒன்றுமாக ஒரு அக்கா நாங்கள் வந்தபோதும் அதே இடத்தில் நின்றார், வெளியே போனபோதும் அதே இடத்தில்தான் நின்றார். அவருடைய முறை வந்தாலும் சொந்தப் போனில் படம் எடுக்க முடியாது என்று அறிவித்தல் தொங்கியது.

தாத்தாவைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. உண்மையான வெள்ளைத் தாடி, நல்ல பொறுமை. என் மகளுக்கு நாலு வயது. அவள் தன் பொம்மையின் பெயரைச் சொல்லும் வரைக்கும் காத்திருந்து கேட்டார். பக்கத்தில் நின்ற என் அம்மா என்னிடம், "தம்பி, என்ரை போனிலை ஒண்டு எடுக்க விட மாட்டினமோ?" என்று கேட்டா. தாத்தாவின் உதவியாளான எல்ஃபின் உடுப்போடு நின்ற பிள்ளை தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். அவளும் பாவம், பகுதிநேர வேலைக்கு வந்த மாணவி மாதிரித்தான் இருந்தாள்.

உண்மையான வியாபாரம் அதற்குப் பிறகு, காசு கட்டும் மேசையில் நடந்தது. நாங்கள் ஏற்கெனவே கட்டிய 44.99க்குக் கிடைப்பது அச்சடித்த ஒரேயொரு படம். போனிலோ கணினியிலோ வைத்திருக்கிற கோப்பாக வேண்டுமென்றால் இன்னும் 29.99. இந்த விலை பதிவுசெய்த பக்கத்தில் எங்கும் இல்லை. மேசைக்கு மேலே பெரிய திரையில் மகள் சிரிக்கிற படம், தாத்தாவின் காதில் ஏதோ சொல்கிற படம், எல்லாம் மாறி மாறி ஓடுகின்றன. மகள் திரையைப் பார்த்துத் துள்ளுகிறாள். பின்னால் வரிசை தள்ளுகிறது. "இப்போது எடுக்காவிட்டால் படங்கள் அழிக்கப்படும்" என்று அந்தப் பிள்ளை மனப்பாடமாகச் சொல்கிறாள். அச்சில் வந்த ஒரு படத்திலோ மகள் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள்!

கட்டினேன். எனக்குக் கோபம் விலையில் அல்ல. படம் எடுப்பவருக்குக் கூலி வேண்டும், மோலுக்கு வாடகை வேண்டும், அது விளங்குகிறது. 75 டொலர் என்று முதலே சொல்லியிருந்தால் வீட்டில் இருந்து யோசித்து, வேண்டாம் என்று விட்டிருப்போம், அல்லது மனம் வந்து கட்டியிருப்போம். இவர்களோ பெற்றோர் மறுக்க முடியாத இடம் எது என்று கண்டுபிடித்து, அதாவது பிள்ளையின் கண்ணுக்கு முன்னால், விலையைச் சொல்கிறார்கள்.

பிறகு வந்த கோப்புகளின் மூலையில் மோலின் சின்னம் வேறு.

இன்னொன்று. பதிவு செய்யும்போது பிள்ளையின் பெயர், வயது, என்ன பரிசு விருப்பம் என்றெல்லாம் கேட்டிருந்தார்கள், தாத்தா தெரிந்து வைத்திருப்பாராம். அடுத்த நாளே விளையாட்டுச் சாமான் விளம்பரம் மின்னஞ்சலில் வரத் தொடங்கியது, தலைப்பில் என் மகளின் பெயரோடு. அந்தப் படிவத்தை மறுபடி திறந்து பார்த்தேன். "பங்காளர்களிடமிருந்து சலுகைகள் பெறச் சம்மதம்" என்ற கட்டத்தில் அவர்களே சரி போட்டு வைத்திருக்கிறார்கள். 2014 யூலை முதல் கனடாவில் நடைமுறையில் இருக்கும் மின்னஞ்சல் தொல்லைத் தடுப்புச் சட்டத்தின்படி, அப்படி முன்கூட்டியே போட்ட சரி வெளிப்படையான சம்மதம் ஆகாது. நீங்கள் விலகக் கேட்டால் 10 வேலைநாட்களுக்குள் நிறுத்தவும் வேண்டும்.

"முந்தி இப்படி இல்லை, இப்போதுதான் நத்தார் வியாபாரமாகிவிட்டது" என்று சிலர் சொல்வார்கள். அது சரியில்லை. அமெரிக்காவில் மசச்சூசெட்ஸ் மாநிலத்து புரொக்டன் நகரில் ஜேம்ஸ் எட்கர் என்ற கடைக்காரர் 1890இல் தானே தாத்தா வேடம் போட்டுத் தன் கடைக்குள் நடந்தார். ரொறன்ரோவில் 1905 டிசெம்பரில் ஈட்டன்ஸ் கடை தாத்தாவை யூனியன் ரயில் நிலையத்தில் இறக்கித் தன் கடை வரைக்கும் கூட்டிக்கொண்டு போனது. இன்றைய நத்தார் தாத்தா ஊர்வலத்தின் தொடக்கம் அதுதான். பிள்ளைகளைக் கடைக்குள் இழுக்கிற விளம்பரம் என்பதில் ஒளிவுமறைவே இல்லை. ஆனாலும் தாத்தாவைப் பார்க்கத் தெருவில் யாரும் காசு கேட்கவில்லை. ஈட்டன்ஸ் 1982இல் ஊர்வலத்திலிருந்து விலகி, 1999இல் கடையையும் மூடிவிட்டது. ஊர்வலம் இன்னும் நடக்கிறது, தெருவோரம் நின்று பார்க்க இன்றைக்கும் ஒரு சதமும் வேண்டாம்.

சரி, காசு திரும்பி வந்ததா? நிறுவனத்துக்கு எழுதினேன். "கோப்புகளுக்குப் பணம் திருப்பித் தருவதில்லை" என்று பதில். மோலின் வாடிக்கையாளர் சேவை, அது நிறுவனத்தின் விஷயம் என்று கையை விரித்தது. அப்புறம் இரண்டு சட்டங்களைச் சொல்லி மறுபடி எழுதினேன். ஒன்று, முதலில் ஒரு விலையைக் காட்டிக் கடைசியில் கட்டாயக் கட்டணம் ஏற்றுவதை 2022இல் திருத்திய கனடாவின் போட்டிச் சட்டம் பெயர் சொல்லியே தடுக்கிறது. இணையத்தில் ரிக்கெற் வாங்கும்போது ஏறிய 1.50 டொலர் பதிவுக் கட்டணத்துக்காக சினிபிளெக்ஸ் என்ற திரையரங்கு நிறுவனத்துக்கு 2024 செப்டெம்பரில் போட்டித் தீர்ப்பாயம் விதித்த தண்டம் 3 கோடி 89 லட்சம் டொலர். மற்றது, ஒன்ராறியோ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்: பொய்யான அல்லது தவறாக வழிநடத்தும் பேச்சை நம்பிச் செய்த ஒப்பந்தத்தை ஒரு வருடத்துக்குள் அறிவித்தல் கொடுத்து இரத்துச் செய்யலாம்.

உடனே "நல்லெண்ண அடிப்படையில்" பதிவுக் கட்டணத்தை மட்டும் திருப்பினார்கள். வரியோடு 4 டொலர் 51 சதம். மிச்சத்தைக் கடனட்டை நிறுவனத்திடம் முறைப்பாடாகக் கொடுத்திருக்கிறேன், முடிவு இன்னும் வரவில்லை. அவர்கள் கேட்டது விளம்பரப் பக்கத்தின் திரைப்பிடிப்பும் பற்றுச்சீட்டும். அந்தப் பக்கத்தை நத்தார் முடிந்ததும் எடுத்துவிடுவார்கள், ஆகவே பதிவு செய்கிற அன்றைக்கே பிடித்து வையுங்கள்.

இந்தக் கிழமை போவதாக இருந்தால் முதலே தொலைபேசியில் கேளுங்கள்: பக்கேஜ் வாங்காமல் சந்திக்க முடியுமா, சொந்தப் போனில் எடுக்க விடுவார்களா, பக்கேஜில் கோப்பு அடங்குமா. மழுப்பினால் விட்டுவிடுங்கள். சில மோல்களில் உண்டியலில் நன்கொடை போட்டுவிட்டு உங்கள் போனிலேயே எடுக்க விடுகிறார்கள். தமிழ்த் தேவாலயங்களின் கரோல் நிகழ்ச்சிகளுக்கும் தாத்தா வருவார்.

பிள்ளை தாத்தாவோடு பேச வேண்டும் என்று நின்றால் கனடா தபால் சேவை இருக்கிறது. சாண்டா குளோஸ், நோர்த் போல், எச்0எச் 0எச்0, கனடா என்று விலாசம் எழுதுங்கள் (ஆங்கிலத்தில் H0H 0H0, எச் அல்லாதவை எல்லாம் பூச்சியங்கள்). முத்திரை ஒட்டத் தேவையில்லை. உங்கள் விலாசத்தையும் மறக்காமல் எழுதி டிசெம்பர் தொடக்கத்துக்குள் போட்டால் பதில் கடிதம் வரும். எங்கள் மகளின் கடிதத்தை நேற்றுப் போட்டுவிட்டோம்.