கல்யாணப் போட்டோவை டிரைவில் வாங்குகிறவர்கள் ஒரு நிமிடம் நின்று படியுங்கள்

தங்கச்சி கல்யாணம் போன வைகாசியில் நடந்தது. போட்டோ, வீடியோ, டிரோன், ஆல்பம் எல்லாம் சேர்த்து 85,000 ரூபாய்க்கு எங்கள் ஊர் ஸ்டூடியோ ஒன்றில் பேசி முடித்தோம். பெயர் சொல்லப் போவதில்லை, விவகாரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. வேலையில் குறை சொல்ல முடியாது, படங்கள் அருமையாகத்தான் வந்திருந்தன. ஏமாந்தது அதற்குப் பிறகு.

ஆனி மாதம் படங்களை வாங்கப் போனேன். பென்டிரைவில் கேட்டதற்குத் தனியாக 1,500 ரூபாய் என்றார். "இப்ப யாருண்ணே பென்டிரைவ் வாங்குறா? ஒங்க கூகுள் டிரைவ்ல ஒரு ஃபோல்டர் போட்டு எங்க மெயிலுக்கு எடிட்டர் பெர்மிஷன் குடுங்க. நாங்களே ஏத்தி விட்டுர்றோம். 64 ஜிபி வரும், ஃப்ரீ 15 ஜிபி பத்தாது. 100 ஜிபி பிளான் போட்டுக்கங்க." நியாயமாகத்தான் பட்டது. ஒரு வருடத்துக்கு 1,300 ரூபாய் கட்டினேன். ஃபோல்டரைத் திறந்தேன், பெயர் வைத்தேன், பகிர்ந்தேன். இரண்டு நாளில் எல்லாம் ஏறிவிட்டது. போனிலேயே திறந்து அம்மாவிடம் காட்டிவிட்டு, பாக்கி 20,000 ரூபாயையும் அன்று மாலையே அனுப்பிவிட்டேன்.

ஒன்றை மட்டும் அன்றைக்குக் கவனித்தும் விட்டுவிட்டேன். ஜிமெயில், போட்டோஸ், வாட்ஸ்ஆப் பேக்கப் எல்லாம் சேர்ந்து என் கணக்கில் ஏற்கெனவே 11 ஜிபி ஓடிக்கொண்டிருந்தது. 64 ஜிபி ஏறிய பிறகும் அதே 11 ஜிபி. 'மெதுவாக அப்டேட் ஆகும் போல' என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த மீட்டர் அன்றைக்கே உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

ஆல்பத்துக்கு 120 படம் தேர்வு செய்து நம்பர் அனுப்ப வேண்டும். கல்யாணம் நடத்திய வீட்டுக்காரர்களுக்குத் தெரியும் அந்தக் கூத்து. பெரியம்மா படம் இல்லை, மாமா கண்ணை மூடியிருக்கிறார், மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் கம்மி என்று ஐப்பசி முடிந்து கார்த்திகை வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் உட்கார வைத்து டிவியில் போடலாம் என்று ஃபோல்டரைத் திறந்தால், ஃபோல்டர் இருக்கிறது, உள்ளே ஒன்றுமே இல்லை. டிராஷையும் பார்த்தேன். காலி.

போன் போட்டால், "ஐப்பசி சீசனுக்கு இடம் பத்தலண்ணே, பழசையெல்லாம் கிளியர் பண்ணிட்டோம். நீங்க டவுன்லோடு பண்ணிருப்பீங்கன்னு நெனச்சோம்" என்றார்.

"என் டிரைவ்ல இருக்கறத நீங்க எப்படித் தம்பி அழிக்க முடியும்?"

"அது எங்க ஃபைலுண்ணே" என்றார். வயிற்றெரிச்சல் என்னவென்றால், அவர் சொன்னது சரிதான்.

கூகுள் டிரைவில் ஃபோல்டர் யாருடையது என்பது கணக்கே இல்லை. எந்தக் கணக்கிலிருந்து கோப்பை ஏற்றினார்களோ அவர்தான் அதற்கு உரிமையாளர், அவருடைய இடத்தில்தான் அது கழியும். என் ஃபோல்டருக்குள் 64 ஜிபி கிடந்தாலும் தின்றது ஸ்டூடியோவின் இடத்தை. உரிமையாளர் அழித்தால் நம் ஃபோல்டரிலிருந்தும் போய்விடும். டிராஷில் 30 நாள் கிடக்கும், ஆனால் அவர் டிராஷில். ஆக நான் கட்டிய 1,300 ரூபாய்க்கு ஒரு படம்கூட என் இடத்தில் உட்காரவில்லை. கோப்பின் விவரத்தைத் திறந்தால் உரிமையாளர் பெயர் இருக்கும், நமக்கு ஆன இடம் 0 பைட்ஸ் என்றும் காட்டும். நான் அதைத் திறந்தே பார்க்கவில்லை.

எல்லாச் சேவையும் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். டிராப்பாக்ஸில் கதை தலைகீழ். அங்கே பகிர்ந்த ஃபோல்டரில் சேர்ந்தாலே அதன் மொத்த அளவும் சேர்ந்த ஒவ்வொருவர் கணக்கிலும் கழியும். இலவசக் கணக்கு 2 ஜிபிதான். யாரோ அனுப்பிய 3 ஜிபி ஃபோல்டரில் உங்களால் சேரவே முடியாது. ஒன்டிரைவில் இன்னொரு விதம்: உங்கள் ஃபோல்டருக்குள் யார் ஏற்றினாலும் உங்கள் 5 ஜிபியில்தான் கழியும். நாலு பேர் சேர்ந்து ஏற்றினால் உங்கள் இடம் நிறைந்துவிடும், அவர்களுக்கு ஒன்றும் ஆகாது. 'ஷேர்' என்று ஒரே சொல், கணக்கு மூன்று விதம்.

சரி, ஸ்டூடியோவுக்கு வருகிறேன். ஹார்ட் டிஸ்கில் பேக்கப் இருக்கிறதாம், எடுத்துத் தர 6,000 ரூபாயாம். பில்லைத் திருப்பிப் பார்க்கச் சொன்னார். பின்பக்கம் எறும்பு எழுத்தில் '3 மாதத்துக்கு மேல் டேட்டாவுக்கு நிறுவனம் பொறுப்பல்ல' என்று இருந்தது. ஆனால் டிரைவில் ஏற்றித் தருகிறேன் என்று சொன்ன அன்று, அது அவர்கள் கணக்கில்தான் இருக்கும், டவுன்லோடு செய்துகொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே? 100 ஜிபி வாங்கச் சொன்னதே அவர்தானே? ஒன்று, அவருக்கே விஷயம் தெரியாது. இல்லை, தெரிந்தே பென்டிரைவ் வேலையை மிச்சம் பிடித்திருக்கிறார். பக்கத்து ஊர் உறவுக்காரர் ஒருவருக்கும் இதே ஸ்டூடியோவில் இதே கதை என்று கேள்விப்பட்ட பிறகு எனக்கு இரண்டாவதுதான் படுகிறது.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். பில், ஜிபே ரசீது, வாட்ஸ்ஆப்பில் அவர் '100 ஜிபி போடுங்க' என்று எழுதியது, மூன்றையும் எடுத்து வைத்திருக்கிறேன். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. அதைச் சொன்ன பிறகு 6,000 என்பது 2,000 ஆனது.

உங்களுக்கு இப்போது அப்படி ஒரு ஃபோல்டர் இருந்தால், 'ஆட் ஷார்ட்கட்' கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். அது வெறும் வழிகாட்டிப் பலகை. ஃபோல்டரைத் திறந்து உள்ளே இருக்கும் கோப்புகளைத் தேர்வு செய்து 'மேக் எ காப்பி' கொடுங்கள், அந்த நகல்தான் உங்களுடையது. அல்லது கம்ப்யூட்டரில் இறக்கிவிட்டு உங்கள் கணக்கிலிருந்து நீங்களே ஏற்றுங்கள். பாக்கிப் பணத்தை அதற்குப் பிறகு கொடுங்கள்.

நான் ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கிக்கொண்டு நேரில் போய் உட்கார்ந்து நகல் எடுத்து வந்தேன். 47 ஜிபி கிடைத்தது. வீட்டுக்கு வந்து என் கணக்கிலிருந்தே ஏற்றினேன். மீட்டர் 11-லிருந்து 58-க்குப் போனது. மீதி 17 ஜிபி வரவேற்பு வீடியோ. 'இன்னொரு டிஸ்க்ல இருக்கும், தேடிச் சொல்றேண்ணே' என்று நாலு வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். சம்பந்தி வீட்டில் ஆல்பம் எப்போது வரும் என்று கேட்கிறார்கள். அம்மா இன்னும் அந்த 120 படத்திலேயே நிற்கிறார்.