பழைய கிராண்ட் கேன்யன் மேப் வாங்குறவங்க உஷார்

மக்களே, 185 டாலர் போச்சு. நீங்களாவது தப்பிச்சுக்கோங்க.

ஆன்லைன்ல ஒரு கடை, பேர் வேணாம். "1906 ஒரிஜினல் ஆன்டிக்"னு கிராண்ட் கேன்யன்ல பிரைட் ஏஞ்சல்ங்கிற பகுதியோட மேப் ஷீட் போட்டிருந்தான். அமெரிக்க ஜியாலஜிகல் சர்வேக்காக மாத்தெஸ்னு ஒருத்தர் 1902-ல ஆரம்பிச்சு கேன்யனுக்குள்ள ஏறி இறங்கி அளந்து போட்ட மேப் அது, 50 அடி உயரத்துக்கு ஒரு கோடு, செங்குத்தான இடத்துலெல்லாம் கோடு நெருங்கி நெருங்கி பழுப்பா அப்பின மாதிரி இருக்கும். சிவா டெம்பிள், பிரம்மா டெம்பிள்னு மலைக்கு பேரு வேற (கோயில் ஒண்ணும் கிடையாது, சிவா டெம்பிள்ங்கிறது அதுக்கும் முன்னாடியே டட்டன்னு ஒரு ஜியாலஜிஸ்ட் வெச்ச பேரு). அதுலயே மயங்கிட்டேன்.

வந்ததும் சுருளக்கூட பிரிக்காம நேரா ஃப்ரேம் கடையில குடுத்துட்டேன். மூணு வாரம் கழிச்சு அந்தம்மா கூப்பிட்டு, மடிப்ப தடவிப் பாருங்கன்னாங்க. தடவினா வழவழன்னு இருக்கு. மடிப்பே பிரிண்ட்! ஓரத்துல இருந்த லைப்ரரி சீலும் பிரிண்ட். லென்ஸ் வெச்சு பாத்தா பழுப்பு கோடு பூரா செவப்பும் மஞ்சளுமா புள்ளி புள்ளியா இருக்கு. அந்த காலத்துல செம்புத் தகட்டுல செதுக்கி கறுப்பு, நீலம், பழுப்புன்னு ஒவ்வொரு கலரையும் தனித்தனியா அடிச்சாங்க, நிஜ ஷீட்ல கோடு முடி மாதிரி ஒரே கலர்ல ஓடும்.

வீட்டுக்கு வந்து தேடுனா சர்வேக்காரங்களே டோப்போவியூ சைட்ல 1884-லேர்ந்து வந்த பழைய மேப்ப எல்லாம் ஸ்கேன் பண்ணி சும்மா குடுக்குறாங்க. டவுன்லோட் பண்ணி ஜூம் பண்ணேன், அதே சீல், அதே இடத்துல.

பிரிண்ட் போட்டு விக்கிறது தப்பில்ல, காப்பிரைட்டும் கிடையாது, பிரிண்டுன்னு சொல்லி 20 டாலருக்கு வித்திருந்தா நானே வாங்கியிருப்பேன். கேட்டா "ஒரிஜினல்ல இருந்து எடுத்தது, அதத்தான் ஒரிஜினல்னு சொன்னோம்"னு பதில் வருது, ரிட்டர்ன் 14 நாள்தானாம். கார்டு கம்பெனில கம்ப்ளைன்ட் போட்டிருக்கேன், பாப்போம்.

வாங்குறதா இருந்தா பின்பக்க போட்டோ கேளுங்க, மடிப்ப சாய்வா லைட் அடிச்சு எடுத்து அனுப்பச் சொல்லுங்க. நிஜ ஷீட்டா இருந்தாலும் கீழ் ஓரத்துல எடிஷன் வருஷத்தோட ரீபிரிண்ட் வருஷமும் இருக்கான்னு பாருங்க, ஒரே எடிஷன பல வருஷம் திரும்பத் திரும்ப அடிச்சிருக்காங்க.

ஃப்ரேமுக்கு 60 டாலர் அட்வான்ஸ் வேற குடுத்திருக்கேன், அந்த சைஸுக்கு கட்டையும் அறுத்தாச்சாம்.