செல்லூர்ப் பக்கம் ஒரு பழைய மரக்கடை

இடித்த வீடுகளின் நிலை, கதவு, விட்டம், சன்னல் சட்டம் ஆகியவற்றை வாங்கி விற்கும் கடைகள் மதுரையில் பல இருந்தாலும், இரண்டு கிலோத் துண்டுகளுக்காக வருகிறவரையும் மதித்துப் பேசும் கடையாக எனக்கு அமைந்தது செல்லூர்ப் பக்கத்தில் உள்ள இந்த ஒன்றுதான். புதுமனை புகுவிழாவுக்கும் வளைகாப்புக்கும் உறவினர்களுக்குக் கொடுப்பதற்காகச் சாவி மாட்டி, விளக்குப் பலகை, அஞ்சறைப் பெட்டி போன்றவற்றை ஓய்வு நேரத்தில் செய்துவரும் நான், நான்கு ஆண்டுகளாக இங்கேதான் மரம் எடுக்கிறேன்.

பெரிய மரங்களைக் கன அடிக் கணக்கில் விற்கும் இவர்கள், அறுத்து மிஞ்சிய துண்டுகளைக் கொட்டகையின் பின்புறம் குவித்துவைத்து எடை போட்டுத் தருகிறார்கள். குவியலைக் கிளறி வேண்டியதை நாமே பொறுக்கிக்கொள்ளலாம் என்பதே இந்தக் கடையின் பெருஞ்சிறப்பு. ஒரு முறை காலை முழுவதும் தேடியதில் வைரம் பாய்ந்த ஒன்றரை அடித் துண்டு ஒன்று அகப்பட்டது. அதன் தூளை ஊறவைத்த தண்ணீர் வெயிலில் நீலச் சாயல் காட்டியபோது, அது வேங்கை என்று தெரிந்து நான் அடைந்த மகிழ்ச்சி கொஞ்சமல்ல. மரத்தின் வகையைப் பற்றிக் கடையில் சொல்வதை மட்டும் அப்படியே ஏற்க வேண்டாம். செட்டிநாட்டு வீடுகளில் பர்மாத் தேக்கு மிகுதியாகப் பயன்பட்டது உண்மைதான். அதற்காகப் பழுப்பேறிய தேக்கெல்லாம் பர்மாவிலிருந்து வந்ததாகிவிடாது. அந்தப் பெயருக்காகக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை.

எடைக்கு விற்பதால் மழைக்காலத்தில் ஈரத்துக்கும் சேர்த்துக் காசு கொடுக்க நேர்கிறது, ஏனெனில் குவியலில் பாதிக்குத்தான் கூரை இருக்கிறது. பண இழப்பைவிட வேலை கெடுவதே வருத்தம் தருவது. கார்த்திகையில் வாங்கிய மாமரத் துண்டுகளைப் பத்தே நாளில் இழைத்து என் தங்கைக்கு ஓர் அஞ்சறைப் பெட்டி செய்து கொடுத்தேன். சித்திரை வெயிலில் பலகைகள் சுருங்கி, மூலைப் பொருத்துகள் விட்டுப்போய், கடுகும் மிளகும் ஒன்றாகக் கலந்துவிட்டன. அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை, எனக்குத்தான் மனம் ஆறவில்லை. இப்போது பங்குனியில் வாங்கி, நிழலில் இடைவெளி விட்டு அடுக்கி, இரண்டு மாதம் கழித்தே இழைப்புளியை எடுக்கிறேன்.

கடையில் திருத்த வேண்டிய குறை ஒன்று உண்டு. பழைய கதவுகளின் பெயின்ட்டைப் பின்புறத்தில் உலர்ந்த நிலையிலேயே சுரண்டுகிறார்கள். வீட்டு பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான் என்பதால், அதற்கு முந்தைய பூச்சு எதிலும் ஈயம் இருக்கக்கூடும். அந்தத் தூசி அங்கே வேலை செய்பவர்களின் மூச்சில் போகிறது. நான் இருமுறை சொல்லியும் மாற்றம் இல்லை. பெயின்ட் பட்ட துண்டைச் சமையலறைப் பொருளுக்கோ குழந்தைகளின் பொருளுக்கோ எடுக்காதீர்கள்.

ஊசித் துளைகளும் அவற்றின் அடியில் புதிய மாவும் தெரிந்தால், அந்தத் துண்டில் வண்டு இன்னும் உயிரோடு இருக்கிறது, விட்டுவிடுங்கள். கையில் ஒரு காந்தமும் இருக்கட்டும். தலை முறிந்து உள்ளே நிற்கும் ஆணி கண்ணுக்குத் தெரிவதில்லை, இழைப்புளியின் அலகில் பட்ட பிறகே தெரியவரும்.