மூன்று யூரோவுக்கு ஒரு யூலை மாதம்

இருபது வருடத்துக்கு முந்தைய ஜேர்மன் பாட்டு சீடிக்கு இப்போது எவர் விமர்சனம் எழுதுவார் என்று கேட்காதீர்கள், நான் எழுதுவேன். போன மாதம் ஒன்லைனில் பழைய சாமான் விற்கும் ஒருவரிடம் யூலி குழுவின் முதல் சீடி, 'எஸ் இஸ்ட் யூலி', மூன்று யூரோவுக்குக் கிடைத்தது. தபால் செலவோடு ஐந்துக்குக் கிட்ட. 'புதுசு மாதிரி' என்று போட்டிருந்தார். வந்த பெட்டியைத் திறந்தால் சீடியைப் பிடித்து வைத்திருக்கும் நடுப்பற்கள் எல்லாம் உடைந்து, சீடி உள்ளே கடகடவென்று ஆடிக்கொண்டிருக்கிறது. பாட்டு வரிகள் உள்ள சின்னப் புத்தகத்தில் யாரோ ஒரு பிள்ளை நீலப் பேனையால் இதயம் கீறி வைத்திருக்கிறாள். சரி, சீடியில் கீறல் இல்லை, கடைசிப் பாட்டு வரை தடங்காமல் ஓடுகிறது.

யூலி ஹெஸன் மாநிலத்தில் உள்ள கீஸன் என்ற ஊர்க்காரர். முதலில் சன்னிகிளேட் என்ற பெயரில் ஆங்கிலத்தில் பாடித் திரிந்தார்கள், பிறகு பெயரும் மாறியது மொழியும் மாறியது. ஏவா ப்ரீகல் பாடுகிறார், ஸிமோன் ட்ரீபலும் யோனாஸ் பெட்ஸிங்கும் கித்தார். 'யூலி' என்றால் நம் ஆட்கள் எழுதும் அதே யூலை மாதம்தான். அதனால் சீடியின் தலைப்பை 'இது யூலி' என்றும் எடுக்கலாம், 'இது யூலை மாதம்' என்றும் எடுக்கலாம்.

2004இல் நான் இங்கே, ஜேர்மனியில், பத்தாம் வகுப்பு. அதற்குக் கொஞ்சம் முன்புவரை ஜேர்மன் பாட்டைச் சத்தமாகப் போட்டால் வகுப்பில் சிரிப்பார்கள், ஜேர்மனில் பாடுவதென்றால் அது பாட்டிமார் கேட்கும் ஷ்லாகர் பாட்டு என்ற எண்ணம். 2003இல் 'வீர் ஸின்ட் ஹெல்டன்' என்ற குழு வந்தது, அடுத்த வருடம் ஸில்பர்மோண்ட் குழுவும் யூலியும் வந்தார்கள், கதை மாறியது. இதே காலத்தில் பாராளுமன்றமே உட்கார்ந்து, ரேடியோக்கள் நூற்றுக்கு 35 வீதம் அளவுக்கு ஜேர்மன் இசை போட வேண்டும் என்று ஒரு தீர்மானம் எடுத்தது. கட்டாயமில்லாத தீர்மானம். அது தேவைப்படவும் இல்லை, இந்தச் சீடியில் உள்ள 'பெர்ஃபெக்டெ வெல்லெ' பாட்டு ஏற்கனவே எல்லா ரேடியோவிலும் போய்க்கொண்டிருந்தது.

அந்தப் பாட்டின் அர்த்தம் 'கச்சிதமான அலை'. நெடுநாள் காத்திருந்த அலை வந்ததும் யோசிக்காமல் ஏறிவிடுகிறவனைப் பற்றியது, சந்தர்ப்பம் வந்தால் விடாதே என்ற அளவில்தான். அப்புறம் டிசம்பர் 26 வந்தது, சுனாமி வந்தது.

இங்கே அது நத்தாரின் இரண்டாம் நாள், கடையெல்லாம் பூட்டு. காலையில் செய்தி கேட்டதிலிருந்து அப்பா தொலைபேசி அட்டையின் வெள்ளிப் பூச்சைச் சுரண்டி இலக்கம் அடிப்பதும், அந்தப் பெண்குரல் மிச்ச நிமிடங்களைச் சொல்வதும், பிறகு லைன் கிடைக்காமல் கீச்சென்று சத்தம் வருவதுமாக இரவாகிவிட்டது. முல்லைத்தீவில் பெரிய மாமி குடும்பம். மூன்றாம் நாள்தான் கொழும்பில் இருந்த ஒருவர் மூலம் ஆட்கள் தப்பிவிட்டார்கள், வீடு இல்லை என்று தெரிந்தது. அந்த நாட்களில் ரேடியோவில் எது போகிறது எது போகவில்லை என்று எங்கள் வீட்டில் யார் கவனித்தார்கள்? பிறகுதான் தெரியும், ரேடியோக்களும் மியூசிக் சனல்களும் அந்தப் பாட்டைத் தூக்கிவிட்டன.

அது தேவையில்லாத வேலை என்று சொல்கிறவர்களை இன்றும் பார்க்கிறேன். அட்டை சுரண்டிக்கொண்டிருந்த அப்பாவின் காதில் அன்று அந்தப் பாட்டு விழுந்திருந்தால் ரேடியோ ஜன்னல் வழியாகப் போயிருக்கும். நிறுத்தியது சரி. பாட்டிலும் பிழை இல்லை. இரண்டும் உண்மையாக இருக்கலாம்தானே? ஆனாலும் என்னால் அதை வெறும் கடற்கரைப் பாட்டாகக் கேட்க முடிவதில்லை, சீடியில் வரும்போது பாதி நாட்கள் அடுத்ததற்குத் தாவிவிடுவேன்.

ஆகவே மற்றப் பாட்டுகளைப் பற்றிச் சொல்கிறேன். 'கைலெ ட்ஸைட்' ஒன்று, ட்ஸைட் என்றால் காலம். சுனாமி முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, 2005 பெப்ரவரியில் டிவிக்காரர் ஸ்டெஃபான் ராப் தொடங்கிய புண்டஸ்விஷன் பாட்டுப் போட்டியில் ஹெஸன் மாநிலத்துக்காக இதைப் பாடி முதலிடம் எடுத்தார்கள். 'கைல்' என்ற சொல்லை எப்படி விளக்குவது? யாழ்ப்பாணத்தில் 'அந்தமாதிரி' என்றால் பிரமாதம், தமிழ்நாட்டில் 'அந்த மாதிரி' என்றால் முகம் சுளிப்பார்கள். கைலில் இரண்டும் உண்டு. தலைப்பைப் பார்த்துக் கும்மாளம் என்று நினைத்தால் ஏமாறுவீர்கள், போன காலத்தைத் திரும்பிப் பார்த்து ஏங்கும் பாட்டு அது.

என் தெரிவு 'ரேகன் உன்ட் மேர்', மழையும் கடலும். தூங்குகிற ஒருவரைப் பக்கத்தில் இருந்து பார்த்தபடியே, இது முடிகிறது என்று உணர்கிற பாட்டு. ஏவாவின் குரலில் சாகசம் எதுவும் கிடையாது. குசினியில் நின்று கதைக்கிற மாதிரித்தான் பாடுவார், பல்லவியில் கித்தார் எல்லாம் ஏறும்போதும் அழ மாட்டார், அதனால்தான் நமக்கு அழுகை வருகிறது. அந்த நீல இதயமும் இந்தப் பாட்டின் பக்கத்தில்தான் இருக்கிறது. குறை என்றால், பின்பாதியில் இரண்டு மூன்று பாட்டுகள் ஒரே வேகம், ஒரே கித்தார்ச் சத்தம், எது எங்கே முடிந்தது என்று தெரியாது.

பிறகு வந்தவற்றில் 2006இன் 'ஐன் நொயர் டாக்' வாங்கலாம், 'டீஸஸ் லேபன்' ஒன்றுக்காகவே. 2010இல் 'இன் லவ்' என்று தலைப்பையே ஆங்கிலத்தில் வைத்து எலக்ட்ரானிக் பக்கம் போனார்கள், எனக்கு ஒட்டவில்லை. 2014இல் 'இன்ஸல்', அதற்குப் பிறகு ஒன்பது வருடம் அல்பமே இல்லை. 2023இல் திரும்பி வந்தார்கள், தலைப்பு 'டேர் ஸொமர் இஸ்ட் ஃபோர்பை', கோடை முடிந்துவிட்டது! யூலையில் தொடங்கிய ஆட்கள் இப்படி ஒரு பெயர் வைத்தால் சிரிப்பதா வருத்தப்படுவதா தெரியவில்லை, நானும் நாற்பதை நெருங்குகிறேன்.

ஜேர்மன் படிக்கிறவர்களுக்கு இந்தச் சீடி நல்லது, உச்சரிப்பு தெளிவு, வசனங்கள் சின்னது. புதுசு தேடாதீர்கள், பழையதே போதும், படத்தை மட்டும் நம்பாமல் பெட்டி உடைந்திருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். சீடிக்கு ஐந்தில் நாலு நட்சத்திரம். விற்றவருக்கு இரண்டு, அதுவும் கேட்டவுடன் ஒரு யூரோ திருப்பித் தந்ததற்காக.