ஸ்கிரீன் துணி எடுக்கும் முன் பன்னாவைக் கேளுங்கள்: பதினான்கு மீட்டர் இழந்த கதை

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டின் நான்கு ஜன்னல்களுக்கு ஸ்கிரீன் தைக்கக் கொடுத்ததில், என் வீட்டுக்கு வந்தே சேராத 14 மீட்டர் துணிக்குப் பணம் கட்டியிருக்கிறேன். பண்டிகைக்கு முன் வெள்ளையடித்துப் புது ஸ்கிரீன் போட நினைப்பவர்கள் இருப்பார்கள் என்பதால், அந்த 14 மீட்டர் எந்தெந்த இடத்தில் போயிற்று என்பதைக் கணக்கோடு எழுதுகிறேன். கடையின் பெயரை எழுதப் போவதில்லை.

அளவெடுக்கக் கடையிலிருந்து வந்த இளைஞர், தையற்காரர்கள் வைத்திருக்கும் துணி இஞ்ச் டேப்பை ஒரு ஜன்னலின் நடுவில் ஒரே முறை பிடித்துப் பார்த்து, 48க்கு 54 என்று கைபேசியில் குறித்துக்கொண்டு, மற்ற மூன்றும் இதே அளவுதானே என்று என்னைக் கேட்டார். பழைய வீட்டு ஜன்னல்கள் அப்படி இருப்பதில்லை. எங்கள் கூடத்து ஜன்னல் ஒன்றில் இடப்பக்க உயரத்துக்கும் வலப்பக்க உயரத்துக்கும் முக்கால் அங்குலம் வித்தியாசம் உண்டு. இரும்பு டேப்பால் மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில் அளக்க வேண்டும் என்பதும், ஸ்கிரீன் தொங்குவது ராடில் என்பதால் ராடை முதலில் மாட்டிவிட்டு அதன் நீளத்தைத்தான் அளக்க வேண்டும் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. "கணக்கெல்லாம் நாங்க பாத்துக்கறோம் மேடம்" என்று அவர் சொன்னபோது எனக்கு நிம்மதியாகவே இருந்தது.

கடையில் எழுதிக் கொடுத்த எஸ்டிமேட் இதுதான்: ஒரு ஜன்னலுக்கு மூன்று பீஸ் (பன்னா என்கிற துணியின் முழு அகலத்தோடு வெட்டும் துண்டு), ஒரு பீஸுக்கு இரண்டரை மீட்டர், நான்கு ஜன்னலுக்கு 30 மீட்டர். மீட்டர் 380 ரூபாய் வீதம் 11,400 ரூபாய். தையற்கூலி பீஸுக்கு 150 வீதம் 12 பீஸுக்கு 1,800. ஆக மொத்தம் 13,200 ரூபாய். இரண்டு பக்கத்துக்கு ஏன் மூன்று பீஸ் என்று கேட்டதற்கு, பக்கத்துக்கு ஒன்றரை பீஸாக ஒட்டுப்போட்டுத் தைத்தால்தான் மடிப்பு நன்றாக விழும் என்றார்கள். இந்தப் பதில் சரியான பதில் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் ராடு 60 அங்குலம். நல்ல மடிப்புக்கு அதைப்போல் இரண்டு மடங்காவது, அதாவது 120 அங்குல அகலத் துணி தேவை. துணியின் பன்னா 48 அங்குலம் என்றால் இரண்டு பீஸ் 96 அங்குலம்தான் வரும், மூன்று பீஸ் வேண்டும். சரியான கணக்கைச் சொல்லி நம்பவைத்துவிட்டு, தைக்கும்போது வேறு கணக்கில் தைத்தார்கள்.

மாட்டிய அன்று இரவு இழுத்து மூடினால், மடிப்பு விழவேண்டிய இடத்தில் லேசான அலை மட்டுமே தெரிந்தது. கேட்டால், புதுத் துணியில் கஞ்சி இருக்கும், ஒரு தடவை துவைத்தால் சரியாகிவிடும் என்றார்கள். துவைத்தேன். மடிப்பு வரவில்லை, பருத்தித் துணி இரண்டு அங்குலம் சுருங்கியதுதான் மிச்சம். வெட்டும் முன் துணியை நனைத்துத் தரச் சொல்லாதது என் பிழை, அதற்குக் கடையைக் குறை சொல்ல மாட்டேன்.

உண்மை தெரிந்தது பக்கத்து வீட்டுப் பெரியவரால். ரோடியர் மில்லில் துணி மடிக்கும் பகுதியில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். நான் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த ஸ்கிரீனைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஒன்றரை பீஸுன்னா நடுவுல ஒட்டுத் தையல் இருக்கணுமேம்மா, எங்க?" என்றார். இல்லை. ஒன்றரைப் பன்னா 72 அங்குலம். ஓரமடிப்பும் ஒட்டும் போக 68 அங்குலமாவது விரித்த நிலையில் இருக்க வேண்டும். அளந்தோம், 45 இருந்தது. பிறகு இரு ஓரங்களின் தையலையும் கொஞ்சம் பிரித்துக் காட்டினார்: இரண்டு பக்கமும் தறியிலிருந்து வந்த கரை அப்படியே உள்ளே மடிந்திருந்தது. நடுவில் ஒட்டும் இல்லாமல் இரண்டு பக்கமும் கரை இருந்தால் அது ஒரே ஒரு முழு பீஸ்தான். எட்டு ஸ்கிரீனும் எட்டே பீஸ். 12 பீஸுக்குக் கூலி வாங்கியிருக்கிறார்கள்.

நீளத்திலும் அதே கதை. ராடிலிருந்து ஜன்னலுக்குக் கீழே ஆறு அங்குலம் வரை 66 அங்குலம். மேல் மடிப்புக்கும் கீழ் மடிப்புக்கும் சேர்த்து 12 கூட்டினால் 78 அங்குலம், இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. பீஸுக்குப் பீஸ் டிசைன் பொருந்தும்படி சேர்ப்பதற்காக அரை மீட்டர் அதிகம் என்றார்கள். பூ டிசைனாக இருந்து, ஒரே பூ 24 அங்குலத்துக்கு ஒருமுறை திரும்ப வருவதாக இருந்தால், பீஸுக்கு 96 அங்குலம், ஏறத்தாழ 2.44 மீட்டர் என்று அவர்கள் கேட்டது நியாயமாகவே இருந்திருக்கும். ஆனால் நாங்கள் எடுத்தது மேலிருந்து கீழாக ஓடும் கோடு போட்ட துணி. அதில் சேர்ப்பதற்கு என்ன இருக்கிறது?

நேர்மையான கணக்கில், பீஸுக்கு இரண்டு மீட்டர் வீதம் 12 பீஸுக்கு 24 மீட்டர் போதும்; 30 எழுதியதில் 6 மீட்டர் போயிற்று. 24க்குப் பதில் எட்டே பீஸாக 16 மீட்டரில் தைத்ததில் இன்னும் 8 போயிற்று. துணிக்கு 5,320, கூலியில் 600, ஆக 5,920 ரூபாய். கடையில் கேட்டதற்கு, வெட்டுச் சேதாரம் என்றார்கள். முப்பது மீட்டரில் பதினான்கு மீட்டர் சேதாரமாகும் கத்தரிக்கோலை நான் பார்த்ததில்லை.

என் கையில் இருந்தது பில் அல்ல, எஸ்டிமேட் சீட்டு மட்டும். பில் தராமலிருப்பதும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறைதான் என்பதை, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் பதிவு செய்த பிறகே தெரிந்துகொண்டேன். புகாருக்குப் பின் கடைக்காரர் 3,000 ரூபாய் திருப்பிக் கொடுத்தார், மீதியைப் பற்றிப் பேச மறுக்கிறார். ஐந்து லட்ச ரூபாய் வரையிலான வழக்குக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் மனு கொடுக்கலாம் என்பதால் 2,920 ரூபாய்க்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஓரம் பிரித்த அந்த ஒரு ஸ்கிரீனை, இரண்டு கரையும் தெரியும்படி மடித்துச் சாட்சியாக எடுத்து வைத்திருக்கிறேன். கூடத்து ஜன்னலின் அந்தப் பக்கத்தில் இப்போதைக்கு என் பழைய சுங்கடிப் புடவை தொங்குகிறது.