"முழு ரீவயரிங்" என்று பில், உள்ளே எர்த்தே இல்லை: பழைய ஜூக்பாக்ஸ் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

"முழு ரீவயரிங், எர்த் செய்யப்பட்டது" என்று பில்லோடு திரும்பி வந்த 1950களின் ஜூக்பாக்ஸ் (காசு போட்டால் ரெக்கார்டு ஓட்டும் பாட்டுப் பெட்டி) இது. குரோம் பட்டையில் விரல் பட்டால் சுள்ளென்கிறது. கேட்டால், "பழைய மிஷின்னா அப்படித்தான் இருக்கும்" என்று பதில். அப்படி இருக்கக் கூடாது.

பின்பலகையைக் கழற்றினால் குட்டு வெளிப்படுகிறது. மூன்று பின் பிளக் புதுசுதான். ஆனால் பச்சை வயரை உள்ளே ஒட்ட நறுக்கி டேப் சுற்றியிருக்கிறார்கள். ப்ளூடூத் ரிசீவர் மாதிரி எதையாவது ஆம்ப்ளிஃபையரில் இணைக்கும்போது எர்த் வழியே ஒரு வளையம் (லூப்) உண்டாகி ஹம் என்ற உறுமல் சத்தம் வரலாம். எர்த்தை வெட்டினால் ஹம் போய்விடும். குறுக்கு வழி அதுதான். ஆடியோ லைனில், நேரடி வயர் தொடர்பில்லாமல் ஒலியை மட்டும் கடத்தும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் ஹம்மும் போகும், எர்த்தும் இருக்கும்.

அடுத்தது, லைனுக்கும் சேசிஸுக்கும் (உள்ளே இருக்கும் உலோகச் சட்டம்) நடுவே இருந்த பழைய பேப்பர் கெப்பாசிட்டர். தொட்டே பார்க்கவில்லை. 0.047 மைக்ரோஃபாரட், அமெரிக்க லைனின் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்றால் நல்ல நிலையிலேயே 2 மில்லியாம்பியருக்கு மேல் சேசிஸுக்குப் போகும். அது ஷார்ட் ஆனால் முழு லைன் வோல்டேஜும் பெட்டியின் உலோகத்தில் நிற்கும். எர்த் சரியாகக் கொடுத்த பெட்டிக்கு இந்தக் கெப்பாசிட்டர் தேவையே இல்லை, கழற்றிவிட வேண்டும். வைத்தே ஆக வேண்டும் என்றால் பழுதானாலும் ஷார்ட் ஆகாதபடி செய்யப்பட்ட ஒய் வகைப் பாதுகாப்புக் கெப்பாசிட்டர்தான். வோல்டேஜ் ஒத்துப்போகிறதே என்று சாதாரணமானதைப் போடக் கூடாது.

ரப்பர் வயர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். விளக்குச் சூட்டில் அப்பளமாக நொறுங்கும் ரப்பர் மேல் டேப் சுற்றிவிட்டு அதற்குப் பெயர் ரீவயரிங். சூட்டில் பசை இளகி டேப் நகர்ந்ததும் செம்பு வெளியே தெரியும். கதவுக் கீல் பக்கம், வயர் வளையும் இடம், விளக்கு ஹோல்டர் ஓரம் மூன்றையும் முதலில் பாருங்கள். 105 டிகிரி தாங்கும் வயரை ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். மொத்தமாக வெட்டி எடுத்தால் எது எங்கே போனது என்று தெரியாமல் போகும்.

எர்த் வயர் பெயின்ட் சுரண்டிய உலோகத்தில், பல் வாஷர் போட்டு, தனி போல்ட்டில் இறங்க வேண்டும். கார்டை யாராவது இழுத்தால் கடைசியாக அறும்படி மற்ற இரண்டை விட அதை நீளமாக விடுங்கள். ரெக்கார்டு மெக்கானிசம் ரப்பர் மவுண்டிலோ ஸ்பிரிங்கிலோ உட்கார்ந்திருந்தால் சேசிஸோடு அதற்குத் தொடர்பு இருக்காது. பின்னல் வயரால் அதையும் சேர்க்க வேண்டும். ஸ்விட்சும் ஃபியூஸும் ஃபேஸ் வயரில்.

பணம் கொடுக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு எர்த் பின்னிலிருந்து சேசிஸ், மெக்கானிசம், காசுக்கதவு, குரோம் எல்லாவற்றுக்கும் அளக்கச் சொல்லுங்கள்: அரை ஓமுக்குள் வர வேண்டும். பிறகு ஸ்விட்சை ஆன் நிலையில் வைத்து, பிளக்கின் ஃபேஸ், நியூட்ரல் பின்களைச் சேர்த்து, சேசிஸுக்கு 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷன் அளக்கும் கருவி) வைக்கச் சொல்லுங்கள்: 1 மெகாஓமுக்குக் கீழே வந்தால் வாங்காதீர்கள். டியூப்லைட் சோக்கில் லீக் இருக்கலாம், அதைக் கழற்றிவிட்டு மறுபடி அளந்தால் தெரிந்துவிடும்.

120 வோல்ட் மிஷினை 230 வோல்ட் லைனில் ஓட்ட, வோல்டேஜைக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் கொடுத்தார்களானால் அது ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மரா (உள்ளே ஒரே சுருள் கொண்டது) என்று கேளுங்கள். அது மிஷினை லைனிலிருந்து பிரிக்காது, பலவற்றில் எர்த் பின் அவுட்லெட் வரைக்கும் வருவதும் இல்லை. அதையும் மீட்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள்.